டாக்டரின் நோட்டுப் புத்தகத்தில் எந்தத் தெரு இல்லை?

ஒரு டாக்டர் நாற்பது வருடம் ஒரே தெருவில் வைத்தியம் பார்க்கிறார். அவர் இறந்ததும் கிளினிக்கைக் காலி செய்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பை யாராவது நினைவுக்கு எடுத்துக்கொள்வார்கள். மேசையும் பெஞ்சும் விலைக்குப் போகும். யார் வீட்டுக்குப் போனார், என்ன மருந்து எழுதினார், யாரிடம் காசு வாங்காமல் விட்டார் என்று குறித்துவைத்த நோட்டுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். நம் ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

பிரிட்டனில் அப்படிப்பட்ட நோட்டுகளில் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. லண்டனில் உள்ள வெல்கம் கலெக்‌ஷனிலும், குடும்ப மருத்துவர்களின் கல்லூரியான ராயல் காலேஜ் ஆஃப் ஜெனரல் பிராக்டிஷனர்ஸின் காப்பகத்திலும், மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் ஊர் டாக்டர்களின் நாட்குறிப்புகள், கணக்குப் புத்தகங்கள், கடிதங்கள் இருக்கின்றன. ஆவணக் காப்பகம் என்றதும் நமக்கு எழும்பூரும், அரசாணைக் கட்டுகளும், நிலப் பதிவேடுகளும்தான் நினைவுக்கு வரும். பஞ்சமி நிலத்தைத் தேடிப் போன தோழர்களுக்கு அந்தக் கட்டுகளின் மதிப்பு தெரியும். ஒரு டாக்டரின் நோட்டுக்கும் அதே மதிப்பு உண்டு என்பதைப் பிரிட்டனின் அனுபவத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அங்கே எது விடுபட்டது என்பதிலிருந்து இன்னும் அதிகமாகக் கற்றுக்கொள்ளலாம்.

அங்கே குடும்ப டாக்டர் என்பவர் யார் என்று முதலில் பார்த்துவிடுவோம். 1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம், கூலி வாங்கும் தொழிலாளிக்கு ஒரு டாக்டரைக் கொடுத்தது. தொழிலாளிக்கு மட்டும்தான்; மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. அந்தத் திட்டத்துக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை உறை போட்டார்கள். அதற்கு இன்றுவரை ‘லாயிட் ஜார்ஜ் உறை’ என்றே பெயர். 1948 ஜூலை 5-இல் என்.எச்.எஸ். வந்தபிறகு எல்லோரும் ஒரு ஜி.பி.யிடம் பெயர் பதிந்துகொண்டார்கள். ஜி.பி. என்பதுதான் குடும்ப டாக்டருக்கு அங்கே உள்ள பெயர். ஊர் மாறினால் உறையும் கூடவே போகும். பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரு மனிதரின் உடம்புக்கு நேர்ந்ததெல்லாம் அந்த உறைக்குள் சேரும்.

ஆனால் ஆள் இறந்து பொதுவாகப் பத்து வருடம் ஆனால் அந்த உறையை அழித்துவிடுவதுதான் நடைமுறை. ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரின் நுரையீரல் வரலாறு முழுவதும் இப்படி உறை உறையாக அழிந்திருக்கும். அதனால்தான் டாக்டர்கள் தனியாக எழுதி வைத்துக்கொண்ட ஏடுகளுக்கு இவ்வளவு மதிப்பு.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் வில்லியம் பிக்கிள்ஸ். இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் வென்ஸ்லிடேல் என்ற பள்ளத்தாக்கில் எய்ஸ்கார்த் ஊரின் டாக்டர். 1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 5,700 பேர் உள்ள பகுதியில் 250 பேர் படுத்தார்கள். யார் யாரைச் சந்தித்தார், எந்தத் திருவிழாவுக்குப் போனார், எத்தனை நாள் கழித்து நோய் கண்டது என்று அவர் தேடிக்கொண்டே போனார். சின்ன ஊர் என்பதால் எல்லோரையும் அவருக்குத் தெரியும். நோய் எந்த வாசல் வழியாக எந்த வீட்டுக்குள் போனது என்று அவரால் சொல்ல முடிந்தது. பிறகு வருடக்கணக்கில் ஒவ்வொரு தொற்றையும் நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் குறித்தார். அந்த வரைபடங்களைப் போட்டுக்கொடுத்ததில் அவர் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. 1939-இல் அதைப் புத்தகமாக எழுதினார். குடும்ப மருத்துவர்களின் கல்லூரி 1952-இல் உருவானபோது முதல் தலைவர் அவர்தான்.

1952 என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனைப் பெரிய டாக்டர்களுக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கும் அதற்கு நூற்றாண்டுகள் முன்பே கல்லூரிகள் இருந்தன. தங்கள் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுப்பு தொகுப்பாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் டாக்டருக்கு மருத்துவப் பத்திரிகையில் ஒரு சிறிய இரங்கல் குறிப்பு வந்தால் பெரிது. மருத்துவத்துக்குள்ளேயே ஒரு படிநிலை. அந்தப் படிநிலைதான் காப்பகத்தின் அலமாரியிலும் ஏறி உட்கார்ந்தது. படிநிலை எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்த பெயரை நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: ஜூலியன் டியூடர் ஹார்ட். 1927-இல் பிறந்தவர், 2018-இல் மறைந்தார். கம்யூனிஸ்ட். அவர் தந்தையும் டாக்டர், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குத் தொண்டராகப் போனவர். மகன் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1961-இல் வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் போய் உட்கார்ந்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார். உடம்பு சரியில்லை என்று வந்தவர்களை மட்டும் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. வராதவர்களின் பட்டியலை எடுத்தார். ஊரில் வயது வந்த எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்து குறித்தார். கிளினிக்குக்கு வராத மனிதர்தான் அதிக ஆபத்தில் இருப்பார் என்பது அவர் எண்ணம்.

1971-இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘தலைகீழ் பராமரிப்பு விதி’ வந்தது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கும். மருத்துவத்தில் சந்தையின் கை ஓங்க ஓங்க இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். சேரியில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. புதுமை என்னவென்றால், இதை ஒரு ஊர் டாக்டர் தன் சொந்தப் பதிவேடுகளோடு நின்று சொன்னார். இருபத்தைந்து வருடக் கணக்கை 1991-இல் வெளியிட்டபோது, பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் கிளின்கோரக்கில் இளவயதுச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. அந்த நோட்டுகளும் அட்டைகளும் இல்லாமல் இருந்தால் அவரும் ‘நல்ல மனசுள்ள டாக்டர்’ என்ற அளவில் நின்றிருப்பார். நல்ல மனசை யாரும் கொள்கையாக மாற்ற முடியாது. எண்ணிக்கையை மாற்றலாம்.

இனி விடுபட்டவர்களின் கதை. கிளின்கோரக் போன்ற சுரங்க ஊர்களிலும், நெசவாலை நகரங்களிலும், பெருநகரங்களின் ஏழைப் பகுதிகளிலும் ஜி.பி.யாக இருக்க உள்ளூர் வெள்ளை டாக்டர்கள் பலர் விரும்பவில்லை. அந்த இடங்களை நிரப்பியவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசத்திலிருந்து போனவர்கள். நம் மருத்துவக் கல்லூரிகள் பிரிட்டிஷ் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தின. 1975 வரை பல இந்தியப் பட்டங்களைப் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் அப்படியே ஏற்றது. மருத்துவமனையில் நிபுணர் ஆகலாம் என்று போனவர்களுக்கு மேற்படிகள் மூடியிருந்தன. முதியோர் மருத்துவம், மனநலம், ஏழைப் பகுதி ஜி.பி. என்று மற்றவர்கள் வேண்டாமென்ற கதவுகள் திறந்திருந்தன. 1980-களில் பிரிட்டனின் ஜி.பி.க்களில் சுமார் 16 சதவீதம் பேர் தெற்காசியாவில் பிறந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர் ஜூலியன் சிம்ப்சன் கணக்குச் சொல்கிறார். இவர்கள்தான் பிரிட்டிஷ் குடும்ப மருத்துவத்தைக் கட்டியவர்கள் என்பது அவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நூலின் வாதம். என்.எச்.எஸ்.ஸின் 70-ஆம் ஆண்டான அதே 2018-இல் குடும்ப மருத்துவர் கல்லூரியும் இவர்களைப் பற்றிக் கண்காட்சி வைத்தது.

எழுபது வருடம் ஏன் ஆயிற்று? இந்த டாக்டர்களின் நோட்டுகள் காப்பகத்துக்கு வந்துசேரவில்லை என்பது ஒரு பக்கம். யாரும் கேட்கவில்லை என்பது இன்னொரு பக்கம். இதற்கு முதியோர் மருத்துவத் துறையில் அப்பட்டமான ஓர் உதாரணம் உண்டு. அது ஜி.பி.க்களின் கதை இல்லைதான், ஆனால் அதே வரிசையைச் சேர்ந்தது. மார்கோ ஜெஃப்ரிஸ் என்ற சமூகவியலாளர் 1990-91-இல் அந்தத் துறையை உருவாக்கியவர்களை நேர்காணல் செய்தார். 72 நேர்காணல்கள், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வார்டுகளில் நின்று வேலை பார்த்த தெற்காசிய டாக்டர்கள் அந்தப் பதிவுகளில் அடுத்தவர் பேச்சில் வந்துபோகிறார்கள். சுமார் பதினைந்து வருடம் கழித்து ஜோவானா போர்னட், லெராய் ஹென்றி, பார்வதி ரகுராம் மூவரும் அந்த டாக்டர்களையே தேடிப்போய்ப் பேசவைத்து, அதையும் அதே நூலகத்தில் சேர்த்தார்கள். இப்போது இரண்டு தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். முதல் தொகுப்பில் ‘ஆள் கிடைக்காத வேலைக்கு வந்த வெளிநாட்டவர்’ ஆக இருந்தவர், இரண்டாவதில் தன் ஊர், தன் படிப்பு, தனக்கு மறுக்கப்பட்ட பதவி என்று பேசுகிறார்.

இன்னொரு சம்பவம். அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரே மாதிரியான தகுதிகளோடு கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து மருத்துவமனை வேலைகளுக்கு அனுப்பினார்கள். பாதியில் ஆங்கிலப் பெயர், பாதியில் ஆசியப் பெயர். நேர்காணலுக்குத் தேர்வான 18 விண்ணப்பங்களில் 12 ஆங்கிலப் பெயர், 6 ஆசியப் பெயர். பாதியிலேயே மோசடி வழக்கென்று போலீஸ் அவர்களைக் கைது செய்தது; ஆய்வு நின்றது. முடிவு 1993-இல் வெளியானது. இதைப் படித்ததும் நமக்குத் தோரட், அட்வெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு நினைவுக்கு வரவேண்டும். அதே முறை, சாதி தெரியும் பெயர்களோடு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. மான்செஸ்டரில் பெயரைப் பார்த்து ஒதுக்கப்பட்ட இந்திய டாக்டர், இந்தியாவில் எந்தப் பெயரோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்? ‘தெற்காசிய டாக்டர்’ என்ற ஒற்றைச் சொல்லில் சாதி தெரியாது. 1950-களிலும் 60-களிலும் கப்பலேறியவர்கள் எந்தச் சீட்டுகளிலிருந்து வந்தார்கள் என்று பார்க்க நாம் சென்னை மாகாணத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

வகுப்புவாரி அரசாணைப்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1. இந்தக் கணக்கை எதிர்த்து 1950-இல் நீதிமன்றம் போனவர் செண்பகம் துரைராஜன். கேட்டது மருத்துவக் கல்லூரி இடம். அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் அரசாணை செல்லாது என்றார்கள். தமிழ்நாடு கொந்தளித்தது, ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. இந்தக் கதை நம் கூட்டங்களில் நூறு முறை சொல்லப்பட்டதுதான். நாம் அதிகம் கேட்காத கேள்வி அடுத்தது. அந்த 14-இல் 2-இல் நுழைந்த நம் ஆட்கள் படித்து முடித்து எங்கே போனார்கள்? யார் கிளினிக் போட்டார்கள்? போர்டில் பெயர் எழுதியபோது ஊர்த்தெருக்காரர்கள் வந்து கை நீட்டி நாடி காட்டினார்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தண்ணீர்ப் பானை பொதுவாக இருந்ததா? வெளிநாடு போனவர்கள் அங்கே போய்ச் சாதியைத் தொலைத்தார்களா, கூடவே கொண்டுபோன இந்திய நண்பர் வட்டத்தில் மறுபடி சந்தித்தார்களா?

1951-இல் கல்லூரிக்குள் நுழைந்தவர் இன்று இருந்தால் தொண்ணூறைக் கடந்திருப்பார். 1970-இல் நுழைந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.

டாக்டரின் ஏடு நமக்கு எதற்குச் சாட்சி ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிரிட்டிஷ் தொகுப்புகளில் அடிக்கடி வருவது ‘விசிட்’ போன கணக்கு: இந்தத் தேதி, இந்தத் தெரு, இந்த வீடு. வீட்டுக்கு வருவதுதான் குடும்ப டாக்டரின் அடையாளம். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது என்பது தீண்டாமையின் நேரடிச் சோதனை. கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பை 2006-இல் புத்தகமாக்கினார்கள். 33 சதவீதக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வருவதில்லை என்கிறது அது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு ஊரில் முப்பது வருடம் இருந்த டாக்டரின் பழைய விசிட் நோட்டு கையில் கிடைத்ததாக நினைத்துப் பாருங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை முறை போனார் என்று எண்ணினாலே போதும். பிரசவத்துக்கு அக்ரகாரத்துக்குப் போன டாக்டர் காலனிக்குப் போகவில்லை என்றால், அந்த வெற்றுப் பக்கமும் பேசும். அதே நோட்டில் நாம் எதிர்பார்க்காததும் இருக்கலாம்: காலராவில் சேரிக்குள் நாள்தோறும் நடந்த ஒருவர், பீஸ் என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்ட ஒருவர். வடசென்னையில் ‘அஞ்சு ரூபா டாக்டர்’ என்று மக்கள் கொண்டாடிய வியாசர்பாடி திருவேங்கடமும் வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரனும் அப்படி வாழ்ந்தவர்கள். இருவரைப் பற்றியும் நமக்கு எளிதில் கிடைப்பது இரங்கல் செய்திகள்தான். அவற்றில் ஐந்து ரூபாய் இருக்கிறது, நல்ல மனசு இருக்கிறது. அந்தப் பகுதி மக்களுக்கு எந்த நோய் எந்த வருடத்தில் கூடியது, எந்தத் தொழிற்சாலையைச் சுற்றி இருமல் அதிகம் என்பதெல்லாம் இரங்கல் செய்தியில் வராது.

நம் மரபில் வைத்தியர் இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். இராயப்பேட்டையில் இருந்துகொண்டு 1907 முதல் 1914-இல் சாகும்வரை ‘தமிழன்’ வார இதழை நடத்தினார். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான். அவர் எழுத்து எப்படி நம் கைக்கு வந்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதை வைத்து ஞான. அலாய்சியஸ் 1999-இல் தொகுப்பாகக் கொண்டுவந்தார். ஏறத்தாழ எண்பத்தைந்து வருடம் ஒரு பெரும் சிந்தனையாளரைச் சுமந்தது அரசுக் காப்பகமோ பல்கலைக்கழகமோ இல்லை, நம் ஆட்களின் வீட்டு அலமாரி. பத்திரிகை பிழைத்ததால் சிந்தனையாளர் பிழைத்தார். அவரிடம் மருந்து வாங்க வந்து வாசலில் உட்கார்ந்த மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்கு நம்மிடம் இல்லை.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? பிரிட்டனில் கோப்பு டாக்டரிடம் இருக்கும். இங்கே கோப்பு நோயாளியிடம் இருக்கிறது. உள்நோயாளிகளின் பதிவை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. புறநோயாளிக்கு ஓ.பி. சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாங்கள் வேலை பார்க்கும் குடியிருப்புகளில் எந்த வீட்டில் கேட்டாலும் பீரோவுக்கு மேலிருந்தோ, டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்தோ ஒரு மஞ்சப்பை வரும். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், செத்துப்போன அப்பாவின் எக்ஸ்ரே, காசநோய் மாத்திரை அட்டை, பிரசவச் சீட்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இந்தச் சீட்டில் எழுதிய டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறது, அதைப் பத்திரப்படுத்திய பெண்ணின் வாழ்க்கையும் இருக்கிறது. பிரிட்டிஷ் தொகுப்புகளில் நோயாளி பெரும்பாலும் பேசுவதில்லை, டாக்டர் அவரைப் பற்றி எழுதுகிறார். மஞ்சப்பையைத் திறக்கும்போது நோயாளியே பக்கத்தில் உட்கார்ந்து, “இது அந்த டாக்டர் தொடாமலே எழுதிக் குடுத்தது” என்று சொல்வார். உலகத்தின் பெரிய காப்பகங்களுக்குக் கிடைக்காத வசதி இது.

களத்துக்குப் போகும் மாணவர்களுக்குச் சில விஷயங்கள். டாக்டரை மட்டும் தேடாதீர்கள். கம்பவுண்டர், ஊசி போட்ட நர்ஸம்மா, கிளினிக் பெருக்கிய அம்மா, காலனிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஆகியோருக்கு டாக்டரைவிட அதிகம் தெரியும். முதல் தலைமுறை தலித் டாக்டர்களிடம் போகும்போது சாதியை முதல் கேள்வியாக வைக்க வேண்டாம். பலர் வாழ்நாள் முழுவதும் அதை மறைத்துப் பிழைத்தவர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கே சொல்லாமல் இருந்திருக்கலாம். எந்த ஹாஸ்டலில் தங்கினார்கள் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும். பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் சம்மதம் வாங்குங்கள், பிறகு மனம் மாறினால் அழித்துவிடுவோம் என்றும் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் உள்ள ஏடுகளைப் பிரிட்டனில் பல பத்தாண்டுகள் பூட்டி வைக்கிறார்கள். நமக்கு அது இன்னும் முக்கியம். காசநோய், கருக்கலைப்பு, மனநோய் என்று ஒரு சீட்டு வெளியே போனால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நிற்கும். பெயரை மறைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். அசல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். வாங்கிக்கொண்டு போகிறவர்களை நம் மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாகச் செய்யுங்கள். பைக்குள் இ.சி.ஜி. தாள் இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். பெரும்பாலும் அது சூட்டில் அச்சாகும் தாள், சில வருடத்தில் கோடு வெளுத்துவிடும். ஸ்கேன் சென்டர் படங்களும், பில்களும் அப்படித்தான். பேனாவால் எழுதிய ஓ.பி. சீட்டு இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.